பேரியாட்ரிக் வைட்டமின் ரிவ்யூ: எது வயித்துல தங்குது, எது தொண்டையிலயே திரும்புது

வெயிட் லாஸ் ஆபரேஷன் (அதத்தான் பேரியாட்ரிக்ங்கறாங்க) பண்ணியாச்சு, இட்லி தோசைக்கூட பழகிப்போச்சு, ஆனா இந்த வைட்டமின் டப்பாவ தொறந்தாலே குமட்டுதுங்கறவங்களுக்குத்தான் இந்த ரிவ்யூ. மத்தவங்க படிச்சா ஒரு மாத்திரைக்கு இவ்ளோ பெரிய கதையான்னு தோணும், தோணட்டும். நான் பண்ணிக்கிட்டது மினி பைபாஸ், கோயமுத்தூர்ல, ஆஸ்பத்திரி பேரெல்லாம் வேணாம், ஆபரேஷன நல்லாத்தான் பண்ணாங்க. டிஸ்சார்ஜ் ஷீட்ல காலைல ஒண்ணு மத்தியானம் ஒண்ணுன்னு வரிசையா எழுதிக் குடுத்துட்டாங்க, ஆனா ஒரு மடக்கு தண்ணி குடிச்சாலே நெஞ்சுல நிக்கற வயித்துல அத்தனையும் எப்படி இறக்கறதுன்னு அந்த ஷீட்ல இல்ல. அதனால நானே ஒவ்வொண்ணா வாங்கிப் பாத்தேன். கடிச்சு சாப்பிடறது, கேப்ஸ்யூல், ஜெல்லி மிட்டாய் மாதிரி இருக்கற கம்மி (gummy), தோல்ல ஒட்டற பேட்ச், நாக்குக்கு அடியில வெக்கறது, நம்ம மருந்துக்கடை மாத்திரைங்கள சேத்துப் போடற செட்டு, எல்லாம். எனக்கு ஒத்துக்காததோட கம்பெனி பேர போடல, ஏன்னா எனக்கு வாந்தி வந்தது உங்களுக்கு வெல்லமா இருக்கலாம்.

முதல்ல ஒரு விஷயம். "நான் நல்லா சாப்பிடறேனே, எனக்கெதுக்கு மாத்திரை"ன்னு ஆபரேஷன் முடிஞ்சு ஒரு வருஷத்துல நிறுத்தறவங்க நிறைய பேரு. ஸ்லீவ்ல வயித்தோட முக்கால்வாசிக்கு மேல வெட்டி எடுத்துடறாங்க, பைபாஸ்ல வயித்த சின்னதாக்கி, குடலோட முன் பாகத்த சோறு தொடாம தாண்டிப் போற மாதிரி தெச்சிடறாங்க. இரும்புச்சத்தும் கால்சியமும் நல்லா உறிஞ்சப்படற இடமே அந்த முன் பாகம்தான். பி12 உடம்புல ஏறணும்னா வயித்துச் சுவர்ல ஊறற ஒரு புரதம் வேணும், அது ஊறற இடத்தையும் வெட்டியாச்சு இல்ல ஓரங்கட்டியாச்சு. ஆசிட்டும் கம்மி, அது போதாதுன்னு அசிடிட்டி மாத்திரை வேற சில மாசத்துக்குப் போடச் சொல்லுவாங்க. அப்ப கீரையும் பேரீச்சம்பழமும் எவ்ளோ சாப்பிட்டாலும் பாதிதான் கணக்குல வரும். அதனால இது ஆறு மாச கோர்ஸ் கிடையாது, ஆயுசுக்கும்.

அப்புறம் அளவு. அமெரிக்காவோட பேரியாட்ரிக் சர்ஜன் சங்கம் 2016ல புதுப்பிச்ச வழிகாட்டிதான் பெரும்பாலும் எல்லாரும் கையில வெச்சிருக்கறது, எங்க டயட்டீஷியன் மேடமும் அதத்தான் வெச்சிருந்தாங்க. ஒரு நாளைக்கு பி1 குறைஞ்சது 12 மில்லிகிராம், முடிஞ்சா 50. பி12 வாய் வழியா 350 மைக்ரோகிராமுக்கு மேல. மாதவிடாய் இருக்கற பொம்பளைங்களுக்கும் ஸ்லீவ், பைபாஸ் பண்ணவங்களுக்கும் இரும்பு 45லேர்ந்து 60 மில்லிகிராம். டி3 3000 ஐயு (வைட்டமின அளக்கற ஒரு யூனிட்). கால்சியம் 1200லேர்ந்து 1500 மில்லிகிராம், அதுவும் ஒரே தடவையா இல்ல. போக துத்தநாகம், தாமிரம், ஏ, ஈ, கே. இத மனசுல வெச்சுக்கிட்டு மருந்துக்கடைக்குப் போய் "ஒரு நல்ல மல்டிவைட்டமின் குடுங்க"ன்னு கேட்டுப் பாருங்க, அண்ணன் எடுத்து வெக்கறது பிகாசூல்ஸ். நல்ல மாத்திரைதாங்க, வாய்ப்புண்ணுக்கு நம்ம வீட்ல எல்லாரும் போட்டு வளந்ததுதான், ஆனா அதுல பி12 15 மைக்ரோகிராம்தான். சாதாரண வயித்துக்கு அது தாராளம், நமக்கு அது யானைப் பசிக்கு சோளப்பொரி. அது அந்த மாத்திரையோட குத்தம் இல்ல, இந்த வேலைக்குன்னு செஞ்சதில்ல, அவ்வளவுதான். சரி இனி ஒவ்வொண்ணா.

கடிச்சு சாப்பிடற பேரியாட்ரிக் மல்டிவைட்டமின், இம்போர்ட்டட் வகை. ஆன்லைன்லதான் கிடைக்குது, விலை கொஞ்சம் நெஞ்சடைக்கும். லேபிள் மட்டும் பாத்தா நூத்துக்கு நூறு, கால்சியம் தவிர எல்லாமே ஒரே மாத்திரையில, இரும்பு 45 உட்பட. டப்பாவ தொறந்ததும் முதல்ல ஆரஞ்சு வாசனை வரும், பரவால்லயேன்னு நெனைக்கும்போதே அதுக்குப் பின்னாடியே பி காம்ப்ளெக்ஸோட அந்த நாத்தம் வரும் பாருங்க, பழைய மருந்து அலமாரி வாடை. மாத்திரை அஞ்சு ரூபா காசு சைஸ்ல, ஓரமெல்லாம் மாவு உதிரும், மேல புள்ளி புள்ளியா பழுப்பு நெறம். வாயில போட்டா மொதல் கடியில இனிப்பு, ரெண்டாவது கடியில புளிப்பு, மூணாவதுல இருந்து துருப்பிடிச்ச கேட்டு கம்பிய நக்கின மாதிரி, அதுவும் நாக்கு ஓரத்துலயும் கடவாய்ப் பல்லு சந்துலயும் போய் ஒக்காந்துக்கும். சரின்னு தண்ணி ஊத்தி கழுவவும் முடியாது, நமக்குத்தான் மடக்கு மடக்காத்தானே குடிக்கணும். அது இறங்கி பத்து நிமிஷத்துல வாயில எச்சி ஊற ஆரம்பிச்சா அடுத்து என்னன்னு நமக்கே தெரியும்.

இதுல கம்பெனிய மட்டும் திட்டிப் பிரயோஜனம் இல்ல. குமட்டலுக்குக் காரணம் பெரும்பாலும் இரும்பும் துத்தநாகமும், அதுவும் வெறும் வயித்துல. ஆபரேஷன் பண்ணாதவங்களுக்கே துத்தநாகம் வெறும் வயித்துல போட்டா பிரட்டும். நான் கண்டுபிடிச்ச வழி, காலைல போடறத மொதல்ல நிறுத்தணும். மத்தியானம் சாப்பிட்டு முடிச்ச கையோட அரை மாத்திரை, ராத்திரி சாப்பிட்டதும் மீதி அரை. டப்பாவ ஃப்ரிட்ஜ்ல வெச்சா நாத்தம் பாதி அடங்குது, ஜில்லுனு இருக்கறப்போ நாக்குக்கு அவ்வளவா தெரியறதில்ல (ஈரம் ஏறாம மூடிய நல்லா இறுக்கணும், உள்ள இருக்கற அந்த சின்ன பொட்டலத்த தூக்கிப் போட்றாதீங்க). கூடவே ரெண்டு வாய் கெட்டித் தயிர், இல்லன்னா ஒரு சின்னத் துண்டு நார்த்தங்கா ஊறுகா. டயட்டீஷியன் மேடம் சிரிச்சாங்க, "உப்பு ஜாஸ்தி, நக்கிட்டு வெச்சிருங்க"ன்னாங்க. நக்கினாலே போதும்ங்க, அந்த இரும்பு வாடைய அது ஒண்ணுதான் வெட்டுது.

இன்னொண்ணு, இனிப்பு. சர்க்கரை இல்லைன்னு பெருசா போட்டிருப்பாங்க, பின்னாடி திருப்பிப் பாத்தா சார்பிட்டால், மானிட்டால், சைலிட்டால்னு ஏதாவது ஒண்ணு இருக்கும். இதெல்லாம் சிலருக்கு வயித்த ஊதிவிடும், லூஸ் மோஷன் வேற. பைபாஸ் பண்ண ஆளுக்கு கேஸ் வந்தா வாசனை எப்படி இருக்கும்னு பண்ணவங்களுக்குத் தெரியும், ஆபீஸ்ல ஏசி ரூம்ல ஒக்காந்திருக்கறவங்க யோசிச்சு வாங்குங்க. அதனால இது சத்துக்கு அஞ்சுக்கு அஞ்சு, ருசிக்கு ஒண்ணரை. ஆபரேஷன் முடிஞ்ச மொத ரெண்டு மூணு மாசம் முழுங்கற மாத்திரை வேணாம்னு சொல்றப்போ வேற வழியில்ல, அதுக்கப்புறம் நான் இதத் தொடல.

கேப்ஸ்யூல். என் ஓட்டு இதுக்குத்தான், ஆனா கொஞ்சம் பொறுத்து. மொத சில மாசத்துல இத முழுங்கினா சிக்கிக்கிட்ட மாதிரியே இருக்கும், பெரிய கேப்ஸ்யூல் ஒண்ணொண்ணும் சுண்டு விரல் கணு அளவுக்கு நீளம். வயிறு பழகினதுக்கு அப்புறம் வாயில ருசி எதுவும் தெரியாம நேரா இறங்கறது எவ்ளோ நிம்மதி தெரியுமா. ஒரே தொந்தரவு, முக்கா மணி நேரம் கழிச்சு ஒரு ஏப்பம் வரும், அதுல மொத்த டப்பாவும் ஞாபகம் வரும். சாப்பாட்டுக்கு நடுவுல ரெண்டு வாய் பாக்கி வெச்சு, போட்டுட்டு அந்த ரெண்டு வாய சாப்பிட்டா ஏப்பம் கம்மியாகுது. சாப்பிடும்போது தண்ணி கூடாதுன்னு சொல்லியிருப்பாங்க, சாப்பிட்டு அரை மணி நேரம் வரைக்கும் கூடாது, அப்ப மாத்திரைய எதுல முழுங்கறதுன்னு எனக்கு பெரிய சந்தேகம். கேட்டா ஒரு மடக்கு ரெண்டு மடக்கு தப்பில்லன்னாங்க. இல்லாட்டி ரசஞ்சாதம் கொழைய இருந்தா அதுலயே போய்டும்.

சைவக்காரங்க கவனிங்க. கேப்ஸ்யூல் உறை ஜெலட்டின்னா அது மாடு இல்ல பன்னியோட எலும்பு, தோல்ல இருந்து வர்றது, டப்பாவுல பச்சை புள்ளியா (சைவம்) பழுப்பு முக்கோணமா (அசைவம்)ன்னு பாத்து வாங்குங்க. எங்க அத்தை பூஜை ரூம் பக்கத்து அலமாரியிலதான் மருந்து வெப்பாங்க, பழுப்பு முக்கோணம் போட்ட டப்பா ஒண்ணு அங்க வந்து ஒக்காந்ததுல வீட்ல ரெண்டு நாளு பேச்சு வார்த்தை இல்ல. செடியில இருந்து செஞ்ச உறையிலயும் வருது, கொஞ்சம் விலை ஜாஸ்தி. கேப்ஸ்யூல பிரிச்சு தயிர்ல கலந்து சாப்பிடலாமான்னு நிறைய பேர் கேக்கறாங்க. இரும்பு இல்லாத கேப்ஸ்யூல்னா சில டாக்டருங்க சரிங்கறாங்க, உங்க டாக்டரக் கேளுங்க, ஆனா கசப்பு ஏழு ஊருக்குக் கேக்கும். மெதுவா கரையற எஸ்ஆர் வகை, குடல்ல போய் கரையற கோட்டிங் வகை, இது ரெண்டும் பைபாஸ் ஆளுங்களுக்கு வேணாம்னுதான் சொல்றாங்க. அது கரையறதுக்குள்ள உறிஞ்ச வேண்டிய இடத்தையே தாண்டிப் போயிருமாம்.

இரும்ப தனியா எடுத்ததுதான் எனக்கு நடந்த பெரிய மாத்தம். இரும்பு இல்லாத மல்டிவைட்டமின் மத்தியானம், இரும்பு மாத்திரை மட்டும் தனியா ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி. குமட்டல் வந்தாலும் தூக்கத்துல போய்டுது. நம்ம கடையில அதிகமா கிடைக்கறது ஃபெரஸ் அஸ்கார்பேட், ஒரு மாத்திரையில 100 மில்லிகிராம் இரும்பு. நமக்கு தினசரி வேண்டியதுக்கு மேலயே இருக்கு, அதனால சில டாக்டருங்க ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடச் சொல்றாங்க, உங்க ரிப்போர்ட்டப் பாத்து அவங்க சொல்றதுதான் கணக்கு. எலுமிச்சம்பழத் தண்ணி நாலு மடக்கு கூட சேத்தா இரும்பு நல்லா ஏறும். ஏறாம பண்றது எது தெரியுமா, நம்ம காப்பி. டீ காப்பியில இருக்கற துவர்ப்பு இரும்பப் புடிச்சு வெச்சுக்கும், ஒரு மணி நேரம் ரெண்டு மணி நேரம் தள்ளித்தான் இருக்கணும். மத்தியானம் சாப்பிட்ட கையோட ஃபில்டர் காப்பி குடிக்கற குடும்பத்துல பொறந்துட்டு இத சொல்றதுக்கே வாய் வரல.

இரும்பு போட்டா மலம் கருப்பாத்தான் போகும், பயப்படாதீங்க. ஆனா தார் மாதிரி பிசுபிசுன்னு, நாத்தமா, கூடவே வயித்து வலி தலை சுத்தல்னா அது மாத்திரை நெறம் இல்ல, உள்ள புண்ணு ரத்தம் கசியலாம், அன்னிக்கே போய்ப் பாக்கணும். மலச்சிக்கல் நிறைய பேருக்கு வரும், கொய்யாவோ ஊறவெச்ச உலர் திராட்சையோ பாத்துக்குங்க. எதுவுமே ஒத்துக்கலைன்னா, உடம்புல இருக்கற இரும்புக் கையிருப்பக் காட்டற ஃபெரிட்டினும் கீழ போய்க்கிட்டே இருந்தா, டிரிப்ஸ்ல இரும்பு ஏத்தறாங்க. அத ஏதோ தோல்வி மாதிரி நெனச்சுட்டு தள்ளிப் போடறவங்க இருக்காங்க, தேவையே இல்ல.

கால்சியம்தான் தலைவலி. இங்க கொஞ்சம் பொறுமையா படிங்க, பணம் வீணாப் போற இடம் இதுதான். நம்ம ஊர்ல கால்சியம்னாலே ஷெல்கால். ஷெல்கால் 500ல இருக்கறது கால்சியம் கார்பனேட், அது கரைய ஆசிட் வேணும், அதனால சாப்பாட்டோடதான் போடணும். ஆசிட் கம்மியான நம்ம வயித்துக்கு சிட்ரேட் வகைதான் நல்லதுங்கறாங்க, அது சாப்பாடு இருந்தாலும் இல்லாட்டியும் ஏறும், கேஸும் கம்மி. சரி சிட்ரேட் வாங்கலாம்னு போனா லேபிள்ல "கால்சியம் சிட்ரேட் 1000 மி.கி."ன்னு கொட்டை எழுத்துல இருக்கும். அடேங்கப்பா ஒண்ணு போட்டா போதும்னு நெனச்சுறாதீங்க. சிட்ரேட்ல உண்மையான கால்சியம் அஞ்சுல ஒரு பங்குதான், ஆக அந்த 1000ல 210 சொச்சம்தான் தேறும். சில டப்பாவுல "எலிமென்டல்"னு சின்ன எழுத்துல போட்டிருப்பாங்க, அந்த நம்பர மட்டும் பாருங்க. 1200 வேணும்னா அந்த மாத்திரை ஆறு போடணும். ஆறு! எல்லாத்தையும் ஒரே வேளையில போட்டும் பிரயோஜனம் இல்ல, ஒரு தடவைக்கு 500, 600க்கு மேல உடம்பு எடுத்துக்காது. அப்ப ஒரு வேளைக்கு ரெண்டு ரெண்டா மூணு வேளை, ஒவ்வொண்ணும் சுண்ணாம்புக்கட்டி கணக்கா.

இதுக்கு இம்போர்ட்டட் சாஃப்ட் ச்யூ வருது, மில்க் சாக்லேட் டாஃபி மாதிரி, ஒண்ணுல 500. ருசிக்கு அஞ்சுக்கு அஞ்சு, உண்மையிலயே. எங்க வீட்டுக்காரர் மிட்டாய்னு நெனச்சு எடுத்து வாயில போட்டு "நல்லாருக்கே, எங்க வாங்கின"ன்னு கேட்டாரு, விலைய சொன்னதும் மிச்சத்த டப்பாவுல வெச்சுட்டாரு. சித்திரை வெயில்ல கூரியர்ல வந்தா எல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு ஒரே கட்டியா வரும், காகிதத்தோட சேத்து நக்க வேண்டியதுதான். மழை மாசத்துல வாங்கி வெச்சுக்குங்க. என்னால மூணு வேளையும் அத வாங்கிக் கட்டுப்படியாகாது, அதனால ஆபீஸ்ல போடற ஒரு வேளைக்கு மட்டும் ச்யூ, மத்த ரெண்டு வேளைக்கும் மருந்துக்கடை சிட்ரேட் மாத்திரைய ரெண்டா ஒடச்சுப் போட்டுக்கறேன். பணம் இல்லைன்னா கார்பனேட்ட சாப்பாட்டோட போடறது, ஒண்ணுமே போடாம இருக்கறதுக்கு எவ்வளவோ மேல். கிட்னியில கல்லு வரும்னு சொந்தக்காரங்க பயமுறுத்துவாங்க. பைபாஸ் ஆளுங்களுக்கு ஆக்ஸலேட் கல்லு வர்ற வாய்ப்பு கூடத்தான், ஆனா அந்த ஆக்ஸலேட்ட குடல்லயே புடிச்சு வெளிய அனுப்பறதே கால்சியம்தான். தண்ணி குடிக்காம இருக்கறதுதான் நமக்கு ஆபத்து. ஏற்கனவே கல்லு இருந்தவங்க மட்டும் டாக்டர்ட்ட சொல்லிட்டு போடுங்க.

இப்ப டைம்டேபிள். கால்சியமும் இரும்பும் ஒண்ணுக்கொண்ணு ஆகாது, குறைஞ்சது ரெண்டு மணி நேரம் இடைவெளி வேணும். என்னை மாதிரி தைராய்டு மாத்திரையும் போடறவங்களுக்கு இன்னும் கூத்து, தைராக்ஸினுக்கும் இந்த ரெண்டுக்கும் நாலு மணி நேரம் தள்ளி இருக்கணும். அப்ப விடியக்காலைல எழுந்ததும் தைராய்டு, ஒரு மணி நேரம் கழிச்சு காப்பி, பத்தரைக்கு மேல மொத கால்சியம், மத்தியானம் சாப்பாட்டோட மல்டிவைட்டமின், சாயங்காலம் நாலு மணிக்கு ரெண்டாவது கால்சியம், ராத்திரி சாப்பாட்டோட மூணாவது, படுக்கும்போது இரும்பு. "ஏங்கண்ணு, வயித்த சின்னதாக்கறேன்னு போய் அதுல மாத்திரையவே ரொப்பறியே"ன்னு அத்தை கேட்டாங்க, பதில் சொல்லத் தெரியல. போன்ல அலாரம் வெச்சிருக்கேன், ஆபீஸ்ல அலாரம் அடிச்சா பக்கத்து சீட்டு தம்பி "அக்கா, சாக்லேட் டைம்"ங்கறான்.

கம்மி மிட்டாய். சுருக்கமா, வேணாம். பாக்க அழகு, ருசியும் பிரமாதம், ஆனா பெரும்பாலான கம்மியில இரும்பு கிடையாது, பலதுல பி1ம் கிடையாது, சர்க்கரை மட்டும் உண்டு. சர்க்கரை சேந்தா பைபாஸ் ஆளுக்கு படபடப்பு, வேர்வை, கண்ண இருட்டறதுன்னு டம்பிங் (சாப்பிட்டது சட்டுனு குடலுக்குள்ள இறங்கிடறது) வேற வரும். எறும்புக்கு மட்டும் ரொம்பப் புடிச்சுது.

பேட்ச். வாந்தியே வராதுன்னு விளம்பரம் பாத்து ஆசையா வாங்கினது. வாந்தி வரலைதான். ஆனா இதெல்லாம் தோல் வழியா தேவையான அளவு உள்ள போகும்னு நம்பறதுக்கு ஆதாரம் ரொம்பக் கம்மி, சர்ஜனுங்க யாரும் இத மட்டும் நம்பச் சொல்றதில்ல. நம்ம ஊரு வெயில்ல மத்தியானத்துக்குள்ள வேர்த்து ஓரம் உரிஞ்சு ஜாக்கெட்ல ஒட்டிக்குது, தோல்ல சதுரமா செவப்பு தடிப்பு. ஒண்ணும் கீழ இறங்காதவங்க இத போட்டுக்கிட்டு நிம்மதியா இருந்துறக் கூடாது, அதுதான் எனக்கு பயம்.

நாக்குக்கு அடியில வெக்கற பி12 ரொம்ப வசதி, சின்னது, லேசா இனிப்பு, குமட்டலே இல்ல. முட்டை மீன் எதுவும் சாப்பிடாத வீடுன்னா இது கட்டாயம்னே சொல்லுவேன். கை கால் மரமரப்பு, எரிச்சல், நாக்கு வழவழன்னு ஆகறது இதெல்லாம் வந்தா மாத்திரையோட நிக்காம ஊசி போட்டுக்கறதுதான் சரி. மாசாமாசம் ஊசியே போட்டுக்கறேன்னு இருக்கறவங்களும் உண்டு, மாத்திரை ஒண்ணு கொறையும்ல. அதே மாதிரி டி3க்கு தினமும் அலையாம வாரம் ஒரு தடவை 60,000 ஐயு எழுதிக் குடுப்பாங்க, சாஷே பொடியாவும் வருது, குட்டி பாட்டில்ல தண்ணி மருந்தாவும் வருது. பொடிய வெதுவெதுப்பான பால்ல கலக்கிக் குடிச்சேன், மணல் மாதிரி அடியில நிக்கும், ஆனா வாசனை மோசமில்ல. டாக்டர் சொன்ன வாரக் கணக்கு முடிஞ்சதும் ரத்தம் பாத்துட்டுத்தான் அடுத்தது, நாமளா வருஷக்கணக்கா ஓட்டக் கூடாது, இது உடம்புல தங்கற வைட்டமின்.

வாந்திய பத்தி தனியா சொல்லியே ஆகணும். மாத்திரை போட்டா மட்டும் குமட்டல்னா அது மாத்திரை பிரச்சினை. எது சாப்பிட்டாலும், தண்ணி குடிச்சாலும் நாள் கணக்கா வாந்தின்னா அது மாத்திரை பிரச்சினை இல்லீங்க, தையல் போட்ட இடம் சுருங்கியிருக்கலாம், புண்ணு இருக்கலாம். "வைட்டமின் ஒத்துக்கல"ன்னு வீட்ல ஒக்காந்துறாதீங்க. பி1 உடம்புல ரெண்டு மூணு வாரத்துக்கு மேல கையிருப்பு இருக்காது, வாந்தியோட அது தீந்துபோனா கண்ணு ரெட்டையா தெரியும், நடை தள்ளாடும், பேச்சு கொழம்பும், மூளை நரம்ப நிரந்தரமா பாதிக்கற அளவுக்குப் போய்டும். பக்கத்து கிளினிக்ல போய் "களைப்பா இருக்கு, குளுக்கோஸ் ஏத்துங்க"ன்னு கேக்கறது நம்ம ஊர் பழக்கம், நம்ம விஷயத்துல அதுதான் வம்பு. பி1 ஊசி போடாம குளுக்கோஸ் மட்டும் ஏத்தினா இருக்கற கொஞ்ச நஞ்ச பி1ம் காலியாகிடும். எந்த டாக்டர்ட்ட போனாலும் பைபாஸ், ஸ்லீவ் பண்ணியிருக்கேன், நாலு நாளா வாந்தி, தயமின் (அதான் பி1) குடுங்கன்னு வாயத் தொறந்து சொல்லுங்க, ஒரு சீட்டுல எழுதி பர்ஸ்ல கூட வெச்சுக்குங்க.

முடி கொட்டறத பத்தி ஒரு வரி. மூணாவது மாசத்துல இருந்து கொட்டும், நிறைய பேருக்கு கொட்டும், உடனே முடிக்குன்னு விக்கற பயோட்டின் வைட்டமின் டப்பாவ நீட்டுவாங்க. வேகமா எடை குறையறதுனாலயும் புரதம், இரும்பு, துத்தநாகம் பத்தாததுனாலயும்தான் பெரும்பாலும் கொட்டுது, பல பேருக்கு ஒரு வருஷத்துக்குள்ள திரும்ப முளைக்குது. பயோட்டின் நிறைய போட்டா தைராய்டு டெஸ்ட் ரிசல்ட்டே தப்பா காட்டும், அதனால ரத்தம் குடுக்கறதுக்கு ரெண்டு மூணு நாள் முன்னாடியே நிறுத்திடணும், லேப்ல இத யாரும் கேக்க மாட்டாங்க. அந்தக் காசுக்கு பனீர் வாங்கிச் சாப்பிடுங்க, ஒரு நாளைக்கு 60 கிராம் புரதம்ங்கறது சைவத்துல சும்மா வராது.

எந்த மாத்திரை நல்லதுன்னு நாக்கு சொல்லும், வேலை செய்யுதான்னு ரத்தம்தான் சொல்லும். மொத வருஷம் மூணு, ஆறு, பன்னெண்டாவது மாசம், அப்புறம் வருஷா வருஷம். வெறும் ஹீமோகுளோபின் பாத்துட்டு நார்மல்னு வந்துறாதீங்க, ஃபெரிட்டின், பி12, டி, பிடிஎச் (ரத்தத்துல கால்சியத்த கட்டுப்படுத்தற ஹார்மோன்), துத்தநாகம், தாமிரம் எல்லாம் கேளுங்க. ரத்தத்துல கால்சியம் நார்மலா இருக்கும், பிடிஎச் மட்டும் ஏறியிருக்கும், அப்படின்னா உடம்பு எலும்புல இருந்து உருவி ரத்தத்துல போடுதுன்னு அர்த்தம். எனக்கு கேப்ஸ்யூலும் தனி இரும்பும் சிட்ரேட்டும்னு மாத்தினதுக்கப்புறம் ஃபெரிட்டின் ஏறுச்சு, பிடிஎச் எறங்குச்சு. அதுக்கு முன்னாடி லேபிள்ல எல்லாம் பக்காவா இருந்த அந்த ஆரஞ்சு மாத்திரையில ஏறவே இல்ல, எப்படி ஏறும், வாரத்துல பாதி நாள் வாஷ்பேசின்லதான் போச்சு.

செலவுன்னு பாத்தா இப்ப மாசத்துக்கு ரெண்டாயிரத்து சில்லறை வருது, டெஸ்ட் தனி. இன்சூரன்ஸ் ஆபரேஷனுக்கு குடுத்தாங்க, பிஎம்ஐ (உயரத்துக்கு எடை எவ்ளோங்கற கணக்கு) 40க்கு மேல, இல்லன்னா 35க்கு மேல இருந்து கூட பெரிய வியாதியும் இருந்தா குடுக்கலாம்னு 2019லயே இன்சூரன்ஸ் கம்பெனிங்கள கட்டுப்படுத்தற அரசு அமைப்பான ஐஆர்டிஏஐ விதி போட்டிருக்கு, ஆனா ஆயுசுக்கும் முழுங்கற மாத்திரைக்கு என் பாலிசியில ஒரு பைசா கிடையாது. ஆபரேஷனுக்கு முன்னாடி பேக்கேஜ் எவ்ளோன்னு கேக்கறவங்க இதையும் சேத்து கணக்குப் போட்டுக்குங்க.

வாங்கறவங்களுக்கு ஒண்ணே ஒண்ணு, மூணு மாசத்து டப்பா ஆஃபர்ல போட்டிருக்கான்னு எடுத்துறாதீங்க. ஆபரேஷன் முடிஞ்ச மொத வருஷத்துல நாக்கு மாசத்துக்கு ஒரு ருசி கேக்கும், போன மாசம் புடிச்ச ஃப்ளேவர் இந்த மாசம் கிட்ட வந்தாலே ஓடும், தொறந்த டப்பாவ எந்தக் கடைக்காரரும் திருப்பி வாங்க மாட்டாரு. சின்ன டப்பா, இல்லன்னா சாம்பிள் பாக்கெட் இருக்கான்னு கேளுங்க, சில கம்பெனி நாலஞ்சு ஃப்ளேவர் கலந்து தர்றாங்க, செர்ரின்னு எழுதியிருக்கறத மட்டும் எனக்காக விட்டுருங்க, அது இருமல் டானிக்கேதான்.